ஜாக் மானியம்: விண்ணப்பத்துக்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் கவுண்டி (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்திலோ நகராட்சியிலோ குற்றநீதி தொடர்பான வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் ‘ஜாக்’ என்ற பெயர் பழக்கம். எட்வர்ட் பர்ன் நினைவு நீதி உதவி மானியம் என்பது அதன் முழுப்பெயர். மத்திய நீதித்துறையின் கீழ் ஓஜேபி என்ற நீதித் திட்டங்கள் அலுவலகம் இருக்கிறது. அதற்குள் பிஜேஏ என்ற நீதி உதவிப் பணியகம். இந்தப் பணியகம்தான் ஆண்டுதோறும் இந்தப் பணத்தை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. இது போலீஸுக்கான பணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகம், வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் அலுவலகம், நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, போதை மீட்புச் சிகிச்சை, குற்றத் தடுப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான உதவி, மனநல நெருக்கடிக் குழுக்கள் என எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு. 2022-ல் வந்த இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்டம், போதைப்பொருள் நீதிமன்றம், மனநல நீதிமன்றம், முன்னாள் படைவீரர் நீதிமன்றம் போன்ற நெருக்கடித் தலையீட்டு நடைமுறைகளையும் பட்டியலில் தெளிவாகச் சேர்த்தது.

இந்தப் பணத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதைத்தான். எழுத்து வேலை இதில் சின்னப் பங்கு. எவ்வளவு வரும் என்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காவல்துறையின் ஆவணப் பிரிவில் முடிவாகிவிடுகிறது. வந்த பணம் கையில் நிற்குமா, திருப்பிக் கட்ட வேண்டி வருமா என்பது பிறகு கணக்குப் பிரிவில் முடிவாகிறது. இந்த இரண்டு இடங்களையும் கவனிக்காத கவுண்டிதான் அடிபடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை அந்த இரண்டு இடங்களிலேயே அதிக நேரம் நிற்கும்.

பெயருக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1988 பிப்ரவரி 26 அன்று அதிகாலையில், நியூயார்க்கின் தெற்கு ஜமைக்கா பகுதியில், போதை வியாபாரிகளைப் பற்றித் துணிந்து புகார் கொடுத்த ஒருவரின் வீட்டுக்குக் காவலாகக் காரில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் பர்ன் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 22. அந்த ஆண்டின் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தின் வழியாக வந்த மானியத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். பிறகு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அந்தப் பர்ன் மானியத்தையும் உள்ளூர்க் காவல்துறைகளுக்கென்று தனியாக இருந்த தொகுப்பு மானியத்தையும் ஒன்றாக்கி இன்றைய ஜாக் திட்டத்தை உருவாக்கியது. ஒரு சாட்சியின் வீட்டு வாசலில் தொடங்கிய திட்டம் இது. ஆனாலும் உள்ளூரில் பட்டியல் போடும்போது சாட்சிப் பாதுகாப்பு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. ரேடியோவும் மடிக்கணினியும் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இது மாற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இப்போது பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். ஜாக் ஒரு ஃபார்முலா மானியம். அதாவது யார் நன்றாக எழுதினார்கள் என்று பார்த்துக் கொடுப்பதில்லை, கணக்குப் போட்டுக் கொடுப்பது. மாநிலத்துக்கான ஒதுக்கீட்டில் பாதி மக்கள்தொகையை வைத்தும் மறுபாதி வன்குற்ற எண்ணிக்கையை வைத்தும் முடிவாகும். கொலை, பாலியல் வன்கொடுமை, வழிப்பறி, கொடுங்காயம் விளைவிக்கும் தாக்குதல் ஆகிய நான்கும்தான் வன்குற்றம் என்ற கணக்கில் வரும். எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 0.25 சதவீதத்துக்குக் குறையாமல் கிடைக்கும். அப்படி வந்த தொகையில் 60 சதவீதம் மாநில அரசுக்குப் போகும். மீதி 40 சதவீதம் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் நேரடியாக வரும். இந்த 40 சதவீதத்தைப் பிரிக்கும்போது மக்கள்தொகை கணக்கிலேயே வராது. மூன்று ஆண்டு வன்குற்றச் சராசரி மட்டும்தான்.

ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் மொத்த ஒதுக்கீடு 1 கோடி டாலர் என்று வையுங்கள். உள்ளூர்ப் பங்கு 40 லட்சம். மாநிலம் முழுவதும் உள்ளூர் அமைப்புகள் அறிவித்த வன்குற்றங்களின் மூன்றாண்டுச் சராசரி 20,000 என்றால், ஒரு குற்றத்துக்கு 200 டாலர் என்று வருகிறது. சராசரியாக 400 குற்றம் அறிவித்த நகரத்துக்கு 80,000 டாலர். 50 அறிவித்த ஊருக்கு 10,000 டாலர். 49 அறிவித்த ஊருக்கு 9,800 வர வேண்டும், ஆனால் வராது. ஏனென்றால் கணக்கில் 10,000 டாலருக்குக் கீழே வரும் ஊர்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அந்தத் தொகைகள் எல்லாம் சேர்ந்து மாநிலத்தின் கைக்குப் போகும். மாநிலம் அதை மாநிலக் காவல்துறைக்கோ இப்படி விடுபட்ட சின்ன ஊர்களுக்கோ கொடுக்க வேண்டும் என்பது விதி. எனவே பட்டியலில் பெயர் இல்லாத ஊர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. மாநிலத்தில் இதற்கென்று நியமிக்கப்பட்ட நிர்வாக அமைப்பு எது என்று தெரிந்துகொண்டு அதன் கதவைத் தட்ட வேண்டும். நியூயார்க்கில் அது குற்றநீதிச் சேவைகள் பிரிவு, இல்லினாயில் குற்றநீதித் தகவல் ஆணையம், டெக்ஸஸில் ஆளுநர் அலுவலகத்தின் பொதுப் பாதுகாப்புப் பிரிவு, கலிஃபோர்னியாவில் மாநில, சமூகச் சீர்திருத்த வாரியம். இவர்களுடைய கால அட்டவணை வேறு, படிவம் வேறு, பெரும்பாலும் போட்டியும் உண்டு. வாஷிங்டன் அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மாநில அறிவிப்பு தெரியாமலே கடந்துபோகும்.

49-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு குற்றம் நடந்திருக்கலாம், பதிவாகாமல் விட்டிருக்கலாம். இங்கேதான் ஆவணப் பிரிவு வருகிறது. எஃப்பிஐ-க்குத் தரவு அனுப்பாத காவல்துறைக்கு ஃபார்முலாவில் குற்றமே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நேரடி ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெற, கடந்த 10 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டுகளுக்கான வன்குற்றத் தரவு எஃப்பிஐ-யிடம் இருக்க வேண்டும். எஃப்பிஐ 2021 ஜனவரி 1 முதல் ‘நைபர்ஸ்’ என்ற சம்பவவாரிப் பதிவு முறைக்கு மாறச் சொன்னபோது, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய துறைகளே அந்த ஆண்டு அதற்குள் வரவில்லை. பழைய முறையில் ஒரு சம்பவத்தில் நடந்த குற்றங்களில் மிகக் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணினால் போதும். நைபர்ஸில் ஒரே சம்பவத்தின் எல்லாக் குற்றங்களையும், பாதிக்கப்பட்டவருக்கும் குற்றம் செய்தவருக்கும் என்ன உறவு, ஆயுதம் என்ன, இடம் எது என்பதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பழைய மென்பொருள் இதற்குத் தாங்காது. சரிபார்ப்பில் பிழை வந்தால் பதிவு திரும்பி வரும். திரும்பி வந்ததை யாரும் திருத்தி மறுபடி அனுப்பாவிட்டால் அந்தச் சம்பவம் கணக்கில் சேராது. நைபர்ஸ் தகுதி பெறாத துறைகள் தங்கள் ஜாக் தொகையில் 3 சதவீதத்தை அந்த மாற்றத்துக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று 2018-ல் ஒரு நிபந்தனையும் வந்தது. கவுண்டி நிர்வாகிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: விண்ணப்ப ஆலோசகரைத் தேடுவதற்கு முன்னால் ஆவணப் பிரிவில் திரும்பி வந்த பதிவுகள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன என்று மாதாமாதம் கேளுங்கள்.

தொகை தெரிந்தபின் இன்னொரு சிக்கல் வரும். நகரத்தில்தான் குற்றம் பதிவாகிறது. வழக்கு நடத்துவதும் சிறையில் வைப்பதும் கவுண்டி. நகரத்துக்கு ஒதுக்கியது கவுண்டிக்கு ஒதுக்கியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்து, அந்த நகரத்தின் வன்குற்றங்களுக்கான வழக்குச் செலவிலோ சிறைச் செலவிலோ பாதிக்கு மேல் கவுண்டி சுமக்கிறது என்றால், இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். பணத்தை எப்படிப் பிரிப்பது என்று புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, ஒருவர் நிதிப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்றால் இருவருக்குமே பணம் வராது. நகர மேயரும் கவுண்டிக் காவல்தலைவரான ஷெரிஃபும் முகம் பார்த்துப் பேசாத ஊர்களில் இது பெரிய இடறல். ஒப்பந்தத்தில் தொகையை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்; அறிக்கைக்கான எண்களை யார், எந்தத் தேதிக்குள் யாருக்குத் தர வேண்டும், ஆடிட்டில் ஒரு செலவு ஏற்கப்படாமல் போனால் யார் திருப்பிக் கட்டுவது என்பதையும் எழுதுங்கள். நிதிப் பொறுப்பாளரின் பெயரில்தான் நோட்டீஸ் வரும், தவறு யார் பக்கம் இருந்தாலும்.

விண்ணப்பம் தாக்கல் செய்யும் வேலை இரண்டு படியாக நடக்கும். முதலில் கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் சுருக்கமான படிவம்; சில நாள் கழித்து இன்னொரு கெடுவுக்குள் ஜஸ்ட்கிராண்ட்ஸ் என்ற நீதித்துறைத் தளத்தில் முழு விண்ணப்பம், பட்ஜெட், ஒப்பந்தம், சான்றிதழ்கள். முதல் கெடுவைத் தவறவிட்டால் இரண்டாவது கதவு திறக்காது. இரண்டுக்கும் அடிப்படை, மத்திய அரசிடம் பணம் பெறுபவர்கள் பதிவு செய்யும் சாம்.கவ் தளத்தில் உள்ள பதிவு. அது ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். நிறுவனத்தை அடையாளம் காட்டிய பழைய டன்ஸ் எண் 2022 ஏப்ரல் 4-உடன் போய்விட்டது. இப்போது சாம் கொடுக்கும் தனி அடையாள எண்தான். அதோடு சாம் பதிவில் மின்வணிகத் தொடர்பாளர் என்று ஒருவர் பெயர் இருக்கும். ஜஸ்ட்கிராண்ட்ஸ் அழைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும், அவர்தான் அங்கே நிறுவன நிர்வாகி ஆவார், மற்றவர்களுக்குப் பொறுப்புப் பிரித்துக் கொடுப்பதும் அவர்தான். அந்த இடத்தில் ஓய்வு பெற்றுப் போன கணக்காளரின் மின்னஞ்சல் இருந்தால் கெடு நாளன்று கவுண்டியில் யாராலும் உள்ளே நுழைய முடியாது. இதை அறிவிப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே சரிபார்க்க வேண்டும். கெடு நேரம் பெரும்பாலும் கிழக்கு நேரப்படி இரவு 8:59. நள்ளிரவு என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

விண்ணப்பம் நகர மன்றம் அல்லது கவுண்டி வாரியத்தின் பார்வைக்கு, சமர்ப்பிப்பதற்குக் குறைந்தது 30 நாள் முன்னால் போயிருக்க வேண்டும், பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அறிவிப்பு வந்து கெடு முடிய இருக்கும் காலம் குறைவு. மன்றம் மாதம் இரண்டு முறைதான் கூடும் என்றால் நிகழ்ச்சி நிரலில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. இதைச் சடங்காக நினைத்து ஒரு வரியில் முடித்துவிடும் ஊர்கள் நிறைய. சடங்காக்கிவிடாதீர்கள். உள்ளூர் மக்கள் தங்கள் குற்றநீதி அமைப்பின் பணம் எங்கே போகிறது என்று கேட்கக்கூடிய இடம் இது. எந்த மனநல நெருக்கடிக் குழு ஞாயிற்றுக்கிழமை இரவு வருவதில்லை என்பது போன்ற தகவல் அங்கேதான் வரும்.

இனி எதற்குச் செலவிடுவது. உள்ளூர் ஒதுக்கீடு 25,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் திட்டக்காலம் 2 ஆண்டு. 25,000-மும் அதற்கு மேலும் என்றால் 4 ஆண்டு. நாம் மேலே பார்த்த 80,000 டாலர் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது வழக்கறிஞர் அலுவலகம் ஒரு சமூகப் பணியாளர் கேட்கிறது. சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் பணம் தீர்ந்துவிடும். நான்கு ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 20,000, அதாவது கால் ஆள். வாரம் 10 மணி நேர வேலைக்குத் தகுதியான ஆள் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் ஆறு மாதத்தில் முழுநேர வேலைக்குப் போய்விடுவார். இதனால்தான் கருவி வாங்குவது எல்லாருக்கும் வசதியாகத் தெரிகிறது: ஒரு முறை வாங்கினால் வேலை முடிந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

நீதிமன்றத் தேதி நினைவூட்டல் அப்படிப்பட்ட வேலை. சின்னக் குற்றங்களுக்கு நோட்டீஸ் வாங்கியவர்களில் பலர் தேதியை மறந்தோ, தாளில் இருப்பது புரியாமலோதான் வராமல் போகிறார்கள். வராவிட்டால் பிடிவாரண்ட், பிறகு கைது, சிறை, வேலை இழப்பு. நியூயார்க் நகரத்தில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், நோட்டீஸ் தாளைத் தெளிவாக மாற்றி அமைத்ததால் வராமல் போவது 13 சதவீதமும், குறுஞ்செய்தி நினைவூட்டலால் 21 சதவீதமும் குறைந்தது. நீதிமன்ற வழக்கு மென்பொருளிலிருந்து தேதியை எடுத்துச் செய்தி அனுப்பும் இணைப்பை ஒரு முறை அமைக்க மானியத்தைப் பயன்படுத்தலாம். அமைத்தபின் அதை ஓட்டுவதற்கு ஆகும் செலவை நீதிமன்றத்தின் சொந்த பட்ஜெட் தாங்கும். இதில் தவறு நடக்கும் இடம் தொலைபேசி எண். நோட்டீஸ் கொடுக்கும் காவலர் படிவத்தில் எண் வாங்கவில்லை என்றால் எவ்வளவு நல்ல மென்பொருளும் பயன் தராது. படிவத்தை மாற்றுவதும் காவலர்களுக்கு அதைச் சொல்லித்தருவதும் திட்டத்தின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும். முதல் செய்தி ஒரு வாரம் முன்பும் கடைசிச் செய்தி முந்தைய நாளும் போகும்படி வைத்து, நீதிமன்ற முகவரியையும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாங்கக் கூடாதவற்றின் பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது. போலீஸ் ரோந்துக் கார் தவிர வேறு வாகனங்கள், போலீஸ் படகு தவிர வேறு படகுகள், போலீஸ் ஹெலிகாப்டர் தவிர வேறு விமானங்கள், ஆடம்பரப் பொருட்கள், நிலம், சிறை தவிர வேறு கட்டுமானம் ஆகியவற்றுக்கு, அசாதாரணமான அவசரத் தேவை என்று பிஜேஏ இயக்குநர் சான்று தராமல் ஒரு டாலரும் செலவிடக் கூடாது. நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒரு வேன் என்று எழுதியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். குண்டு துளைக்காத உடை வாங்கினால், அதைக் கட்டாயம் அணிய வேண்டும் என்ற எழுத்துபூர்வ விதி துறையில் முன்பே இருக்க வேண்டும். உடையில் அணியும் கேமரா வாங்கினால் அதற்கான கொள்கை இருப்பதாகச் சான்றளிக்க வேண்டும். குண்டு துளைக்காத உடைக்கென்று தனியாக ஒரு மத்தியத் திட்டம் பாதிச் செலவைத் தருகிறது. மீதிப் பாதியை ஜாக் பணத்தில் கட்டலாம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது தடை. நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம் வரை எடுக்கலாம். உள்ளூர் அரசு தன் பங்காகச் சொந்தப் பணம் எதுவும் போட வேண்டியதில்லை. ஜாக்கின் பெரிய வசதி அது.

கணக்கில் மிக அதிகமாக வம்பு வரும் விஷயம் ‘சப்பிளான்டிங்’. உள்ளூர்ப் பணத்தில் ஏற்கெனவே நடக்கிற செலவுக்கு மத்தியப் பணத்தை வைத்து, உள்ளூர்ப் பணத்தை வேறு பக்கம் திருப்புவது. ஒரு நகரம் ஜூன் மாதம் பட்ஜெட் போடுகிறது, அதில் குற்றப் பகுப்பாய்வாளர் பதவி இருக்கிறது, சம்பளத்துக்குப் பணமும் இருக்கிறது. செப்டம்பரில் ஜாக் ஒதுக்கீடு வருகிறது. அக்டோபரில் மன்றம் அந்தப் பதவியைப் பொது நிதியிலிருந்து எடுத்து ஜாக் கணக்கில் போடுகிறது. ஆடிட்டர் பார்ப்பதற்கு வேறு ஆவணமே வேண்டாம். ஜூன் பட்ஜெட்டும் அக்டோபர் தீர்மானமும் போதும். செலவு முழுவதையும் ஏற்க மாட்டார். வருவாய் குறைந்ததால் மே மாதமே அந்தப் பதவியை நீக்கப் போவதாக முடிவெடுத்து, அது கூட்டக் குறிப்பில் இருந்து, மற்ற துறைகளிலும் அதே விகிதத்தில் வெட்டு நடந்திருந்தால் நிலைமை வேறு. மானியம் வராவிட்டாலும் அந்தப் பதவி போயிருக்கும் என்பதை அந்தந்தக் காலத்துக் காகிதம் காட்ட வேண்டும். பிறகு எழுதிய விளக்கக் கடிதம் எடுபடாது. இதனால் பட்ஜெட் கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தரும் மானியக் குழுவில் ஒருவர்தான் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

சம்பளத்தை மானியத்தில் போட்டால் அடுத்த சிக்கல் நேரக் கணக்கு. ஒருவர் பாதி நேரம் ஜாக் வேலை, பாதி நேரம் வேறு வேலை என்று பட்ஜெட்டில் எழுதிவிட்டு மாதாமாதம் 50 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு பற்று எழுதக் கூடாது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த விதித்தொகுப்பு, அதாவது 2 சிஎஃப்ஆர் 200, உண்மையில் செய்த வேலையைக் காட்டும் பதிவைக் கேட்கிறது. மதிப்பீட்டை வைத்து இடைக்காலத்தில் எழுதலாம், பிறகு உண்மையோடு ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். வெளி ஆலோசகருக்கு நாளுக்கு 650 டாலர், மணிக்கு 81.25 டாலர் என்ற அளவுக்கு மேல் கொடுப்பதாக இருந்தால் ஓஜேபி-யின் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே பழகிய கம்பெனியிடமே போட்டியில்லாமல் வாங்கும் பழக்கம் உள்ளூரில் சகஜம்; மாநிலக் கொள்முதல் சட்டம் அனுமதித்தாலும் மத்திய விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் மத்திய விதிதான் செல்லும். அதே விதித்தொகுப்பில் 2024 அக்டோபர் 1 முதல் சில வரம்புகள் மாறின: சொந்தமாக மறைமுகச் செலவு (வாடகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவு) விகிதம் வைத்திருக்காதவர்கள் எடுக்கக்கூடிய விகிதம் 10-லிருந்து 15 சதவீதம், கருவி என்று கணக்கிடும் வரம்பு 5,000-த்திலிருந்து 10,000 டாலர், எல்லா மத்தியப் பணத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒற்றை ஆடிட் கட்டாயமாகும் வரம்பு ஆண்டுக்கு 7,50,000-த்திலிருந்து 10 லட்சம் டாலர். பழைய ஒப்புதலும் புதிய ஒப்புதலும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் கவுண்டி, எந்த மானியத்துக்கு எந்த வரம்பு என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் பணம் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும் ஏதோ ஒரு நிபந்தனை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும்: பட்ஜெட் சரிபார்ப்பு முடியவில்லை, சான்றிதழ் ஒன்று வரவில்லை. நிபந்தனை நீங்கும்வரை செய்த செலவுக்கு உத்தரவாதம் கிடையாது. நீங்கியபின் கருவூலத்தின் பணம் வழங்கும் அமைப்பான ஏஸாப்பில் எடுக்கலாம். முன்பணமாக எடுத்தால் பொதுவாக வட்டி வரும் கணக்கில் வைக்க வேண்டும். காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் நிதி அறிக்கை. செயல்திறன் எண்களுக்குத் தனி அறிக்கை. ஒன்று தாமதமானாலும் எடுக்கும் வசதி தானாக நின்றுவிடும். பணம் எதுவும் செலவாகாத காலாண்டுக்கும் அறிக்கை உண்டு. அதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். முதலில் ஒப்புக்கொண்ட பட்ஜெட்டில் இல்லாத ஓர் இனத்துக்குப் பணத்தை நகர்த்த வேண்டுமென்றால் வாங்கும் முன்பே ஜஸ்ட்கிராண்ட்ஸில் மாற்றக் கோரிக்கை போட வேண்டும், வாங்கிய பிறகு போடக் கூடாது.

அரசியலும் இந்தப் பணத்துக்குள் வரும். 2017-ல் நீதித்துறை ஜாக் மானியத்தோடு குடியேற்ற அமலாக்க நிபந்தனைகளைச் சேர்த்தது. சிகாகோவும் ஃபிலடெல்ஃபியாவும் வழக்குப் போட்டு வென்றன. நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்களின் வழக்கில் அந்தப் பகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் (செகண்ட் சர்க்யூட்) 2020-ல் நீதித்துறை பக்கம் தீர்ப்பளித்தது. 2021-ல் அந்த நிபந்தனைகள் கைவிடப்பட்டன. 2025 ஏப்ரலில் ஓஜேபி முன்னூறுக்கும் மேற்பட்ட மானியங்களைத் திட்டக்காலத்தின் நடுவிலேயே ரத்து செய்தது. துறையின் முன்னுரிமைகளுக்கு இனிப் பொருந்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அவற்றில் சமூக வன்முறைத் தடுப்பு வேலை செய்யும் சிறு அமைப்புகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகளும் இருந்தன. தெருவில் இறங்கிச் சண்டையை விலக்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் திடீரென வேலையிழந்தார்கள். அந்தத் தெருக்களில் உண்டான நம்பிக்கையை மறுபடி கட்டுவதற்குப் பல ஆண்டு ஆகும். இது எங்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஃபார்முலா மானியம் என்பதால் ஜாக்குக்கு இதில் ஓரளவு பாதுகாப்பு உண்டு, முழுப் பாதுகாப்பு இல்லை. ரத்துக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் அவகாசம் 30 நாள்தான். ரத்துத் தேதிவரை முறைப்படி செய்த செலவைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. அதைக் காட்ட அன்றைய தேதிவரையிலான நேரப் பதிவும் பில்லும் கையில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பணம் எடுக்கும் கவுண்டியைவிட மாதாமாதம் எடுக்கும் கவுண்டிக்கு இந்த நேரத்தில் நஷ்டம் குறைவு.

கடைசியாக, பணம் தீரும் நாள். மத்திய அரசின் காவலர் நியமன மானியமான காப்ஸ் திட்டத்தில் ஒரு பதவிக்கு 3 ஆண்டுகளில் 1,25,000 டாலர் வரை, பொதுவாக 75 சதவீதம் அளவுக்குக் கிடைக்கும். மானியம் முடிந்தபின் அந்தப் பதவியைக் குறைந்தது 12 மாதம் உள்ளூர்ப் பணத்தில் வைத்திருக்க வேண்டும். ஜாக்கில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. 2009-ன் பொருளாதார மீட்புச் சட்டம் ஜாக் வழியாக மட்டும் 200 கோடி டாலர் கொடுத்தது. அது ஒரு முறை வந்த பணம், தொடர்ந்து வரும் என்று பதவிகளை உருவாக்கிய இடங்களில் தீர்ந்ததும் ஆள் குறைப்பு வந்தது. கருவிக்குப் பரவாயில்லை. மனிதர்கள் சேர்ந்திருக்கும் திட்டத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை.

போதைப்பொருள் நீதிமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் மயாமியில் தொடங்கிய இந்த முறையில், ஒருவர் சிகிச்சை, அடிக்கடி பரிசோதனை, நீதிபதி முன் வாராவாரம் ஆஜராவது என்று 12 முதல் 18 மாதம் வரை கடந்து வர வேண்டும். மானியம் செப்டம்பர் 30-ல் முடிகிறது என்றால், அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் சேர்பவர் பெரும்பாலும் மானியம் முடிந்தபிறகுதான் வெளியே வருவார். அவருடைய பரிசோதனைக்கும் சிகிச்சை இடத்துக்கும் யார் பணம் தருவார்கள் என்று தெரியாமல் அவரை உள்ளே எடுப்பது அநியாயம், ஏனென்றால் திட்டத்தில் சேர அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கலாம். திட்டம் நின்றுவிட்டால் தண்டனை மட்டும்தான் மீதி. எனவே முடிவுத் தேதிக்கு 18 மாதம் முன்னால் மாற்று நிதியை முடிவு செய்யுங்கள். பல கவுண்டிகளுக்கு இப்போது ஓபியாய்ட் என்ற அடிமைப்படுத்தும் வலிநிவாரணி மருந்து நிறுவனங்களுடனான சமரசத் தொகை ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. சிகிச்சை நீதிமன்றம் அதற்கு நேரடியாகப் பொருந்தும் செலவு. மானியம் முடிந்தபின் உள்ளூர்ப் பணம் அந்த இடத்தை எடுத்துக்கொள்வது சப்பிளான்டிங் ஆகாது, அது எதிர்த்திசை. முதல் ஆண்டு பரிசோதனைச் செலவை மட்டும், அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் என்று படிப்படியாக மாற்றினால் வாரியம் சம்மதிப்பது எளிது.

திட்டக்காலம் முடிந்தபின் 120 நாளுக்குள் கடைசி நிதி அறிக்கை, கடைசிச் செயல்திறன் அறிக்கை, கடைசிப் பணம் எடுப்பது எல்லாம் முடிய வேண்டும். எடுக்காமல் விட்டது திரும்பிப் போய்விடும். வாங்கிய கருவிகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் எண்ணிப் பட்டியலோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். கடைசி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு எல்லா ஆவணத்தையும் வைத்திருக்க வேண்டும்; அதற்குள் ஆடிட்டோ வழக்கோ தொடங்கினால் அது தீரும்வரை. நகரம் பணத்தைப் பெற்று லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்றுக்குத் துணை மானியமாகக் கொடுத்திருந்தால் அவர்களுடைய பில்லும் நேரப் பதிவும் இந்தக் கோப்பில்தான் இருக்க வேண்டும். அந்த அமைப்பு அலுவலகத்தை மூடிவிட்டுப் போன பிறகு தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் நகலை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.